குப்பம்மாவின் சேற்றுக்காடு

சுனாமியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். அலை வந்தது, அலையாத்தி மரங்கள் தடுத்தன, குப்பம் பிழைத்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் என் பழைய அலுவலகத்து ஆண்டு மலரில் படத்தோடு போடுவார்களாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த டிசம்பரில் எங்கள் மரங்கள் என் தோள் உயரம்கூட இல்லை. குப்பமும் கடலிலிருந்து உள்ளே தள்ளி, ஆற்றோரம் இருக்கிறது. தண்ணீர் வாசல்வரை வந்து திரும்பிப் போனதற்கு மரம் காரணமா, தூரம் காரணமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத எனக்குக் கை வராது. அந்த மரங்கள் இன்றைக்கு அங்கே நிற்பதற்கு யார் காரணம் என்பது தெரியும். அதை எழுதுகிறேன்.

என் பெயர் அஜீசா. தண்டையார்பேட்டைக்காரி. 1999 முதல் ஏழு வருடம் எண்ணூர் ஆற்றோரக் குப்பங்களில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்குக் களப்பணி பார்த்தேன். காலையில் பஸ் ஏறினால் காலடிப்பேட்டைவரை உட்கார இடம் கிடைக்காது. விம்கோ நகர் தாண்டினால் உட்கார்ந்தும் பயனில்லை, முன்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாம்பல் படிந்த மண்பாதையில் கால் மணி நேரம் நடந்தால் நெடுந்திட்டுக் குப்பம். அறுபது வீடுகள், ஒரு கங்கையம்மன் கோயில், எதிரே ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புகைபோக்கிகள்.

முதல் நாள் நான் குப்பம்மாவைப் பார்த்தபோது தண்ணீருக்கு மேலே அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. வாயில் ஓலைப் பெட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டிக்குப் பறி என்று பெயர். வலை இல்லாத பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். கை இரண்டுக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லால்தான் பிடிக்க வேண்டும். நான் பெரிய மனுஷி மாதிரிக் கரையில் நின்று, "அம்மா, ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கத்தினேன். அவள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாயில பொழப்பு கீதும்மா. தண்ணி ஏறுன பொறவு பேசலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கவ்விக்கொண்டாள். இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்தேன்.

அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். அதே குப்பத்தில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் காய்ச்சலில் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. மூத்த பெண்ணைக் காசிமேட்டில் கட்டிக்கொடுத்துவிட்டாள்; இளையவள் கார்குழலி எண்ணூர்ப் பள்ளியில் ஒன்பதாவது. பக்கத்து வீட்டில் தம்பி திருமலை, அவன் மனைவி, ஒரு மகள். குப்பம்மா வளர்த்த தம்பி அவன். அம்மா செத்தபோது இவளுக்குப் பன்னிரண்டு, அவனுக்கு மூன்று.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆற்றில் எல்லோரும் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. கழி ஊன்றி வலை கட்டுவதற்கென்று நல்ல இடங்கள் கொஞ்சம்தான். இன்றைக்கு எந்த வீடு அங்கே கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துக் கொடுப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு ஆம்பிளை பேரில்தான் வரும். ஆம்பிளை செத்து, வீட்டில் வளர்ந்த பையனும் இல்லையென்றால் சீட்டிலிருந்து அந்த வீட்டின் பெயரை எடுத்துவிடுவார்கள். யாரும் அதைக் கொடுமை என்று நினைக்கவில்லை, குப்பம்மாவும் நினைக்கவில்லை. அவளுக்கு ஆற்றில் மிச்சம் இருந்தது திட்டு ஒன்றுதான்.

திட்டு என்பது வற்றும் நேரத்தில் வெளியே தெரிகிற சேற்று மேடு, ஐந்தாறு ஏக்கர் இருக்கும். பெண்கள் கை தடவுவது அதன் ஓரத்தில். ஒரு காலத்தில் அங்கே அலையாத்தி மண்டிக் கிடந்ததாம். "யாரு அழிச்சாங்க?" என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். கம்பெனி, அரசாங்கம் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

"நாங்கதான்" என்றாள். "அடுப்புக்கு வெட்டனோம். நானே கட்டுக் கட்டா சொமந்துகினு வந்து கீறேன். மரம் போச்சி, வேருக்குள்ள குந்தினு கீற குஞ்சு எறாலும் போச்சி. இப்ப பாதி நாளு பறி காலியாத்தான் வருது. எய்திக்கோ."

எழுதிக்கொண்டேன். தன் குற்றத்தைத் தானே சொல்கிற ஆளை அந்த வேலையில் நான் பார்த்ததே கிடையாது.

2001ஆம் வருடம் சித்திரையில் விவகாரம் வந்தது. மணலிப் பக்கத்துக் காண்ட்ராக்டர் ஒருவர் திட்டின்மேல் மண் அடித்துக் கன்டெய்னர் அடுக்கும் யார்டு போடக் கேட்டார். புறம்போக்குதான், ஆனால் ஊர் ஆட்சேபிக்கவில்லை என்று கையெழுத்து வேண்டுமாம். கோயிலுக்குக் கோபுரம், ஊருக்குக் கல்யாணக் கூடம், பத்துப் பையன்களுக்கு வேலை என்று சொன்னார். ஊர்த் தலைவர் கிருஷ்ணப்பன் கெட்டவர் இல்லை. ஆற்றில் மீன் குறைந்து வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர், கூடத்துக்கும் வேலைக்கும் ஆசைப்பட்டார். ஊர்க் கூட்டத்தில் ஆம்பிளைகள் வட்டமாக உட்கார, பெண்கள் கோயில் சுவர் ஓரமாக நின்றார்கள். நானும் நின்றேன்.

"திட்டுமேல மண்ணு அட்ச்சா நான் எங்க கைய வெக்கறது தலைவரே?" என்று சுவர் ஓரத்திலிருந்து குப்பம்மா கேட்டாள். "உங்க கூடத்துலயா எறா புடிக்கறது?"

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மரம் வைத்தால் இறால் திரும்ப வரும், வனத்துறையும் ஊரும் சேர்ந்து காடு வளர்க்கிற திட்டம் வந்திருக்கிறது, கன்று அவர்கள் தருவார்கள், காவல் நாம் இருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்த அத்தனையும் அவள் பாஷையில் சொன்னாள். நான் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு விளக்கியதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். கிருஷ்ணப்பன் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சரிம்மா. ரெண்டாயிரம் கன்னு வெய்யி. மூணு வருசங்கழிச்சி, கார்த்திகைல எண்ணுவோம். பாதி உசுரோட இருந்தா திட்டு மரத்துக்கு. பாதிக்கு ஒண்ணு கொறஞ்சாலும் கையெய்த்துப் போட்ருவேன். அப்ப வந்து ஒப்பாரி வெக்கக் கூடாது."

"வெக்க மாட்டேன்" என்றாள் குப்பம்மா.

முதல் நடவு நாசமானது. அதில் பாதிப் பங்கு என்னுடையது. ஊரே சேர்ந்து நட வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை, அதனால் எல்லோரும் சும்மா இருக்கிற நாளைக் கேட்டேன். ஆற்றுக்காரர்கள் சும்மா இருப்பது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவே, தண்ணீர் இழுக்காத நாட்களில். இழுப்பு இல்லாவிட்டால் வலையில் ஒன்றும் விழாது. ஐப்பசியில் அப்படி ஒரு நாள் பார்த்து, பந்தல் போட்டு, கேசரி கிளறி, ரெண்டாயிரம் கன்றையும் ஒரே நாளில் நட்டோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அந்தத் தண்ணீரின் விளிம்பை ஒட்டியே வரிசை வரிசையாக வைத்தோம். பார்க்க அழகாக இருந்தது, படமும் எடுத்தேன்.

எட்டாம் நாள் அமாவாசை. பெரிய தண்ணீர் வந்து இழுத்த இழுப்பில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிறந்தது முதல் ஆற்றோடு புழங்குகிற அறுபது வீட்டு ஜனம், வலைக்குப் போகாத நாளில் வலைக்கு ஆகாத தண்ணீரை நம்பிவிட்டது. வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் விடிய விடியக் கேலி பேசியிருப்பார்கள். எனக்கு அழுகை வந்தது. குப்பம்மா அழவில்லை. முட்டிச் சேற்றில் நின்றுகொண்டு, "கைக்குத் தெரிஞ்சது கண்ணுக்குத் தெரியல பாரு. சோம்பேறி நாள்ல நட்டா இப்டித்தான்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பதினைந்து நாள் ஒரு வேலை செய்தாள். பழைய மஞ்சள் புடவை ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்து, தினமும் ஏறின தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு குச்சி, வற்றின தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு குச்சி நட்டு, துண்டு கட்டினாள். அமாவாசையிலிருந்து பௌர்ணமிவரை. கடைசியில் திட்டு முழுக்க மஞ்சள் துணி பறந்தது. தினமும் நனைந்து தினமும் காய்கிற பட்டை ஒன்று அதில் தெளிவாகத் தெரிந்தது. வனத்துறை நாற்றங்காலிலிருந்து வந்த காவலர் அதைப் பார்த்துவிட்டு, "நான் சொல்ல வந்ததை இந்தம்மா புடவையிலேயே எழுதிட்டாங்க" என்றார். மறுபடி ரெண்டாயிரம் கன்று கொடுத்தார்கள். தை மாதம், இழுப்பு உள்ள நாட்களில், வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாக நட்டார்கள். கேசரி கிடையாது.

"கெடுவு மாறாது" என்றார் கிருஷ்ணப்பன். "அதே கார்த்திகதான்."

"மாத்தச் சொல்லலயே" என்றாள் அவள்.

நடுவது ஒரு வார வேலை, காப்பது மூன்று வருட வேலை. சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எருமைகள் வரும், குப்பத்து ஆடுகள் வரும். அலையாத்தி இலை என்றால் ஆட்டுக்கு அல்வா. எங்கள் அலுவலகத்தில் சம்பளக் காவலாள் போடலாம் என்றார்கள். குப்பம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சம்பளக்காரன் சம்பளம் நிற்கிற அன்றைக்குப் போய்விடுவான் என்றாள். முதலில் தன்னுடைய இரண்டு ஆட்டையும் விற்றாள். அதற்கப்புறம்தான் கூட்டத்தில் வாய் திறந்தாள்.

"இன்னிக்கு யாருக்குப் பாடோ, அந்த வூட்டு ஆளு ஒண்ணு இன்னிக்குத் திட்டக் காக்கணும். முடியலன்னா முன்கூட்டி சொல்லி வேற ஆள வுடலாம், தப்பில்ல. சொல்லாம கொள்ளாம போனா அந்த வூட்டுக்கு அடுத்த பாடு கெடையாது. அவுங்களுக்குப் பதிலா அன்னிக்கு நின்ன ஆளுக்கு அந்தப் பாடு."

சம்பளக் காவலை ஏமாற்றலாம், சர்க்கார் சட்டத்தை ஏமாற்றலாம். பாட்டை அந்த ஊரில் எவனும் ஏமாற்ற மாட்டான், அது அவர்கள் சோறு. கூட்டம் ஒப்புக்கொண்டது. கிருஷ்ணப்பன் அதைப் பாட்டு முறை எழுதுகிற நோட்டிலேயே எழுதி வைத்தார். ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகவே நடந்தது. கன்றுகள் முழங்கால் உயரம் வந்தன. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சு வேர்கள் கிளம்பின. 2003 பொங்கலுக்குக் குப்பம்மாவின் பறியில் விரல் நீள இறால் கால்வாசி நிறைந்தது. என் கையைப் பிடித்து அதற்குள் விட்டு, "தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

பங்குனியில் திருமலையின் பாடு வந்தது. அன்று ராயபுரத்தில் அவன் மகளைப் பெண் பேசி முடிக்கிற நாள். விடியலில் வலையைக் கட்டிக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, குடும்பத்தோடு பஸ் ஏறிவிட்டான். காவலுக்கு ஆள் சொல்லவில்லை. அக்கா அங்கேதானே கிடக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று நினைத்துவிட்டான். கிட்டத்தட்ட நாற்பது வருடமாக அவனை அவள்தானே பார்த்துக்கொண்டிருந்தாள், நினைத்ததில் தப்பும் சொல்ல முடியாது.

அவள் அன்று திட்டின் கீழ்க்கோடியில் கழுத்துத் தண்ணீரில் இருந்தாள். எருமைகள் மேல்கோடியில் இறங்கின. அவள் பார்த்து, பறியை உதறிவிட்டுச் சேற்றில் விழுந்து எழுந்து ஓடி வருவதற்குள் முப்பது மாடுகள் முடிந்தமட்டும் தின்று, தின்னாததை மிதித்துவிட்டன. கழியை எடுத்து விளாசி விரட்டிவிட்டு, சாயங்காலம்வரை அங்கேயே நின்றாள். அறுநூறு கன்றுக்கு மேல் போயிற்று.

இரண்டாம் நாள் கூட்டம். திருமலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தப்பை அவன் மறுக்கவில்லை. ஆனால் அவனுடைய அடுத்த பாடு இறால் பருவத்தில், மகள் கல்யாணத்துக்கு முன்னால் வருகிறது. அதை நம்பித்தான் தேதி வைத்திருந்தான். கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமினார். அவருக்கு வேறு ஒரு சங்கடம்.

"சட்டப்படி பாத்தா, அன்னிக்குப் பதிலுக்கு நின்னது குப்பம்மா. பாடு அதுக்குப் போவணும். பொம்பளைக்குப் பாடு குடுத்து இந்த ஊர்ல வயக்கமே கெடையாது. இன்னாத்துக்கு பேஜாரு? அக்கா தம்பி விசயம். இந்த ஒரு வாட்டி மன்னிச்சி வுட்ருவோம். இன்னாமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. அவள் காதருகே, "விட்டுடு குப்பம்மா, கூடப் பிறந்தவன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அஜீசு, எந்தம்பிக்காக இன்னிக்கு வுட்டா, நாளிக்கு இவன் மச்சானுக்காக வுடணும், நாளான்னிக்கு அவன் சகலைக்காக வுடணும். அப்பால அந்த எர்மயயே கூட்டினு வந்து காவலுக்கு வெச்சிக்கலாம்." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எனக்குப் பாடு ஓணும்னு நான் கேக்கல. நோட்டுல இன்னா எய்திக் கீதோ அதப் படிங்க. அதும்படி செய்ங்க."

"யக்கா" என்றான் திருமலை.

"சொல்லிட்டுப் போயிருக்கலாமேடா" என்றாள். ஆனால் வார்த்தையைத் திருப்பி வாங்கவில்லை.

பாடு அவளுக்கு வந்தது. அவளிடம் வலை கிடையாது, கோடித் தெரு சிலுவையம்மாளிடம் இரவல் வாங்கினாள். கட்டுவலைக்கு இரண்டு பேர் வேண்டும். எந்த ஆம்பிளையும் வரவில்லை. கார்குழலி ஒரு கழியைப் பிடித்தாள், இன்னொரு கழியை நான் பிடித்தேன். தண்டையார்பேட்டையில் என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் காலை உடைத்திருப்பாள். சேறு தொடைவரை இழுத்தது, நான் இரண்டு முறை விழுந்தேன், ஆனால் இறால் விழுந்த அளவைச் சொல்லி முடியாது. குப்பம்மா ஒன்றைக்கூடத் தனக்கு எடுக்கவில்லை. அத்தனையையும் கூடையில் போட்டு, ஈரத்துணி மூடி, தம்பி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பாடு எடுத்தது ஊர்ச் சட்டத்துக்காக, இறாலைக் கொடுத்தது கல்யாணத்துக்காக.

அரை மணி நேரத்தில் கூடை அவள் வாசலுக்கே திரும்பி வந்தது. மூடின துணிகூடக் கலையவில்லை.

கல்யாணத்துக்கு அவளை அழைக்கவில்லை. பெண்ணுக்கு ஒரே அத்தை. அத்தை கையால் செய்ய வேண்டிய சடங்கு எத்தனையோ இருக்கிறது. ஊரே ராயபுரத்துக்கு வேன் ஏறியது. அன்று காவல் முறை உள்ள வீட்டுக்காரர்கள் முந்தின நாளே வந்து, சங்கடப்பட்டுக்கொண்டு, "உனுக்குப் போற வேல இல்லியே, நீ நிக்கிறியா?" என்று கேட்டார்களாம். நிற்கிறேன் என்றாளாம். நான் போனபோது மேட்டில் ஒற்றை ஆளாக, மடியில் கழியோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்ப தாலி கட்டி முடிச்சிருப்பாங்கல்ல?" என்று ஒரு தடவை கேட்டாள். அன்றைக்கு எனக்கு அந்த மரங்கள்மேலேயே வெறுப்பு வந்தது, மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பங்குனிக்கு அப்புறம் ஒரு நாள்கூட, ஒரு வீடுகூடக் காவல் தப்பவில்லை. கூடப் பிறந்தவன் பாட்டையே பிடுங்கினவள் நம்மை விட்டுவிடுவாளா என்ற பயம். மழையிலும் யாராவது ஒருவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திருமலையும் தன் முறை வந்தபோதெல்லாம் சரியாக வந்து உட்கார்ந்தான். அவள் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவான். கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஒரு சொல் பேசவில்லை.

2004 கார்த்திகை. வற்றின நேரம் பார்த்து ஊர் முழுக்கத் திட்டில் இறங்கியது. காண்ட்ராக்டரின் ஜீப் பாதையில் நின்றது. கிருஷ்ணப்பன் நாணயமாகவே எண்ணினார். எண்ணின செடிக்கெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக்கொண்டே போனார்கள். முடிய மூன்று மணி நேரம் ஆனது. நட்ட கன்றுகள் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று.

"இருபத்தேழு கொறயுது" என்றார் கிருஷ்ணப்பன். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொட்டு வைக்காத செடி எத்தனை நிற்குது பாருங்க தலைவரே, இருநூறுக்கு மேல இருக்கும்" என்று கத்தினேன். உண்மைதான். எங்கிருந்தோ மிதந்து வந்த விதைகள் வரிசைகளுக்கு நடுவே மாட்டி, தானாக முளைத்து, சில என் இடுப்பு உயரம் வந்திருந்தன.

"அது நட்டது இல்லியேம்மா. ரெண்டாயிரம் வெய்யி, பாதி நிக்கணும்னுதான் பேச்சு. தானா மொளச்சத எப்டி கணக்குல சேக்கறது?"

குப்பம்மா பேசுவாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டில் எழுதினபடி செய்யுங்கள் என்று தம்பியின் பாட்டைப் பறித்தவள் அவள். இன்றைக்கு எழுதினதைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று எந்த வாயால் கேட்பாள்? அவள் கேட்டால் முதலில் எழுந்து சண்டை போட வேண்டியவன் திருமலை. ஊர் முழுக்க அவனைத்தான் ஓரக் கண்ணால் பார்த்தது.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"தலைவரே, ஆத்துல கயி நட்டு வலை கட்றமே, இன்னாத்த எண்றோம்? கயியவா எண்றோம், மீனவா?"

"இன்னாடா கேள்வி இது? மீனத்தான்."

"அந்த மீனு தானா வந்து வுயுந்ததா, நீ கொண்டாந்து நட்டதா?"

கிருஷ்ணப்பன் சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தார்.

"நாம வெச்ச செடி கயி மாதிரி. அது நின்னுகினு இருந்ததாலதான் வெதை வந்து மாட்டிச்சி. சொம்மா சேறா இருந்தா மாட்டுமா? தானா வந்த மீன எண்ணாதன்னு சொன்னா இந்த ஊர்ல எவன் வூட்ல ஒல கொதிக்கும்?" அவன் குரல் எழும்பிவிட்டது. "அயுத்தமா காவல் காத்து வந்த செடி. எம் பாடே போச்சி இதுக்காவ. அத வாரிக்குடுத்தவன் சொல்றேன், எண்ணு."

ஆற்றில் மீன் பிடிக்கிற ஒருத்தனாலும் அதற்கு மறுபேச்சுப் பேச முடியவில்லை. கிருஷ்ணப்பன் சுண்ணாம்பு டப்பாவைக் கையில் எடுத்தார். எந்தச் சந்தேகமும் வராதபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணினார்கள். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. ஜீப் திரும்பிப் போயிற்று. குப்பம்மா தம்பியை நோக்கி இரண்டு அடி வைத்தாள். அவன் அதற்குள் கரை ஏறிப் போய்விட்டான்.

அடுத்த மாதம் சுனாமி. படகு உடைந்து, வலை கிழிந்து, ஊர் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் படுத்தது. மாசி பிறந்தபிறகுதான் பாட்டுச் சீட்டுக் குலுக்கினார்கள். கிருஷ்ணப்பன் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தவர், நடுவில் "குப்பம்மா" என்று ஒரு பெயரைப் படித்து, நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அவள்தான் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பாட்டு நாளன்று, போன தடவை மாதிரி கழி பிடிக்கலாம் என்று நானும் முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வேலை இருக்கவில்லை. இடுப்புத் தண்ணீரில், ஒரு கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு திருமலை நின்றிருந்தான். கரையில் குப்பம்மா கண் கலங்கி அப்படியே நின்றுவிட்டாள்.

"குந்திகினு அப்பால அயு. தண்ணி இழுக்க ஆரம்பிச்சிட்ச்சி. அந்தக் கயியப் புடி" என்றான். கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்கு அப்புறம் அவன் அவளிடம் பேசின பேச்சு அதுதான்.

அவள் இறங்கினாள். இருவரும் கழியை ஊன்றி, வலையைக் கட்டினார்கள். கடைசி முடிச்சைப் போடும்போது அவளுக்குச் சட்டென்று நினைவு வந்து, பதறிப்போய்த் திட்டைத் திரும்பிப் பார்த்தாள். பாடு அவளுடையது என்றால் காவலும் அவள் வீட்டினுடையது. கார்குழலி வேலைக்குப் போயிருந்தாள்.

"யாரத் தேட்ற?" என்றான் திருமலை. மேட்டில், மரங்களுக்கு நடுவே, ராயபுரத்திலிருந்து வந்திருந்த அவன் மகள் கழுத்தில் தாலியோடு, கழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்தே தலைவர் வூட்டுக்குப் போயி ஆள் மாத்தினு வந்துட்டேன்" என்றான். "சொல்லிட்டுத்தான் வந்து கீறோம்."